பழைய டைவ் வாட்சின் அழகு, கைக்கு எட்டும் விலையில்: முதல் ஹோமேஜ் வாட்ச் வாங்குவது எப்படி?

கறுப்பு டயல், தடித்த குறிகள், சுற்றிலும் திருகும் வளையம். டைவ் வாட்ச், அதாவது நீருக்கடியில் மூழ்குபவர்களுக்கான கைக்கடிகாரம், என்றதும் மனதில் வரும் இந்த உருவம் 1950களிலேயே முடிவாகிவிட்டது. பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வந்தது 1953இல். ரோலெக்ஸ் சப்மரைனரும் ஏறக்குறைய அதே காலம்தான். அசல்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன, விலையை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த வடிவத்தைத் தழுவி, சொந்தப் பெயரில், குறைந்த விலைக்கு வருபவைதான் ஹோமேஜ் வாட்சுகள்.

சொந்தப் பெயர் என்பது முக்கியம். டயலில் ஸ்டீல்டைவ், சான் மார்ட்டின், ஸ்டைன்ஹார்ட் என்று தயாரித்தவர் பெயர் இருந்தால் ஹோமேஜ். ரோலெக்ஸ் என்று அச்சடித்திருந்தால் அது போலி. போலியின் பக்கமே போகாதீர்கள்.

படி 1: அசலைப் பார்த்துப் பழகுங்கள்

கடைப் படங்களைப் பிறகு பார்க்கலாம். சீக்கோ 62மாஸ் (1965), ஆரஞ்சு டயல் போட்ட டாக்ஸா சப் 300 (1967), ஒரு பக்கம் புடைத்த உடலும் 4 மணி அருகே கிரவுனும் (சாவி கொடுக்கும் திருகு) கொண்ட சீக்கோ 6105 ஆகியவற்றின் படங்களை நிதானமாகப் பாருங்கள். எது மனதில் நிற்கிறதோ, அதன் ஹோமேஜைத் தேடுங்கள்.

படி 2: மணிக்கட்டை அளந்துகொள்ளுங்கள்

விட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பட்டை மாட்டும் மேல்கொம்பின் நுனியிலிருந்து கீழ்க்கொம்பின் நுனிவரை உள்ள நீளம்தான் கணக்கு. அது மணிக்கட்டின் தட்டையான மேற்பரப்புக்குள் அடங்க வேண்டும். 6105 வகை 44 மி.மீ. அகலம் என்றாலும் கொம்பு குட்டை. அதனால் மெலிந்த கையிலும் அடக்கமாக உட்காரும்.

படி 3: உள்ளே ஓடும் இயந்திரம்

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை சீக்கோவின் என்ஹெச்35. மணிக்கு 21,600 துடிப்பு. முழுதாகச் சாவி கொடுத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும். நாளுக்கு 20 விநாடி பின்தங்கலாம், 40 விநாடி முந்தலாம் என்பது நிறுவனமே சொல்லும் வரம்பு. நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும். எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கத் தயங்காத இயந்திரம் இது.

தேதி இல்லாத டயலுக்குக் கீழேயும் சிலர் இதையே பொருத்திவிடுவார்கள். கிரவுனை ஒரு நிலை இழுத்துத் திருகினால், கண்ணுக்குத் தெரியாத தேதிச் சக்கரம் உள்ளே ‘டக்’கென்று நகரும். ஓட்டத்துக்குக் கெடுதல் இல்லைதான். ஆனாலும் தேதியே இல்லாத என்ஹெச்38 போட்ட வாட்ச் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

படி 4: பெசலும் ஒளிப்பூச்சும்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பெசல் என்பது டயலைச் சுற்றித் திருகும் வளையம்; மூழ்கி எவ்வளவு நேரமாயிற்று என்று பார்க்க உதவுவது. அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். நீருக்கடியில் எதிலாவது பட்டு நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூடுதலாகத்தான் காட்டும். மூழ்கியவர் சீக்கிரம் மேலே வருவார், காற்று தீரும்வரை இருந்துவிட மாட்டார். வழக்கமாக ஒரு சுற்றுக்கு 120 கிளிக், அதாவது அரை நிமிடத்துக்கு ஒன்று. பெசலில் உள்ள முக்கோணத்தை 12க்கு நேராக வைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் தினமும் கண்ணை உறுத்தும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிறகு முள்ளிலும் குறிகளிலும் உள்ள, இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு டார்ச் வெளிச்சம் காட்டி, இருட்டறையில் பாருங்கள். நிமிட முள் எது, மணி முள் எது என்று யோசிக்காமலே தெரிய வேண்டும். டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரமும் இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்கிறது.

பழுப்பேறியதுபோல் பூசும் வெண்ணெய் நிறக் குறிகள் அளவாக இருந்தால் அழகு. காவி நிறம்வரை போனால் எனக்குப் பிடிப்பதில்லை.

படி 5: கண்ணாடியும் நீர்த்தாங்கலும்

சஃபையர் கண்ணாடி கீறல் தாங்கும். நடுவில் லேசாக மேடிட்ட வகை என்றால் பழைய தோற்றமும் வந்துவிடும். 200 மீட்டர் என்று போட்டிருப்பது நீச்சலுக்குத் தாராளம். உண்மையிலேயே ஆழ்கடலில் மூழ்குபவராக இருந்தால், ஐஎஸ்ஓ 6425 சோதனையில் தேறியதை மட்டும் வாங்குங்கள்.

படி 6: கையில் வந்த முதல் நாள்

கிரவுனைத் திருகித் திறந்து, இருபது முப்பது சுற்று சாவி கொடுங்கள். முள் இரவு 9க்கும் அதிகாலை 3க்கும் இடையில் நிற்கும்போது தேதியை மாற்ற வேண்டாம், பற்சக்கரம் கெடும். மூடும்போது கிரவுனை லேசாக அழுத்தி, முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மரை பொருந்தும் இடத்தில் சின்னதாக ஓர் இறக்கம் விரலில் தெரியும். அதன்பிறகு முறுக்குங்கள். இறுகியதும் விட்டுவிடுங்கள், பலம் காட்ட வேண்டாம்.