பெத்தாவின் அலுமாரிக்குத் தேக்கு ரேகை போடுவது எப்படி

எங்கள் பெத்தாவின் அலுமாரி தேக்கு என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தோம். மழைத் தண்ணி ஏறி கீழ்க்கதவில் பெயின்ட் உரிந்தபோது உள்ளே வெளிறிய மலிவுப் பலகை தெரிந்தது. யாரோ ஒரு கைகாரர் ரேகையைப் பெயின்டால் வரைந்திருக்கிறார். பெத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் பைன் பலகையை ஓக் மாதிரிக் காட்ட இதே வேலையைச் செய்தார்கள்.

முதலில், முழுவதையும் சுரண்டிவிடாதீர்கள், பழைய ரேகையில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. உரிந்த இடத்தை மட்டும் தண்ணி தொட்டுத் தேய்க்கவும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தூசி பறக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். புட்டி, பிரைமர் எல்லாம் வழமைபோல.

அடிப்பூச்சு காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கட்டும், பளபளப்பு அதிகம் வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும், காய்ச்சியது என்றே கடையில் விற்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து, பேர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அடிநிறம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பூசவும். இந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதில் சீப்பை இழுத்துத்தான் ரேகை போடுவது.

நான் சறுக்கியது இங்கேதான். ஆடி மாதம், கச்சான் காற்று சுழற்றி அடிக்கிற நேரம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கதவுக்கும் சேர்த்துப் பூசிவிட்டேன். எண்ணெய் குறைத்து டர்பன்டைனை அள்ளி ஊற்றியிருந்ததால், முதல் கதவை முடித்துத் திரும்பும்போது இரண்டாவது இறுகிப்போய், சீப்பு இழுத்த இடமெல்லாம் பிசிறு பிசிறாகக் கிழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பலகைதான், யன்னலைச் சாத்திக்கொண்டு. சட்டத்தில் நிமிர்ந்த கட்டைக்கு ரேகை மேலிருந்து கீழ், குறுக்குக் கட்டைக்குப் பக்கவாட்டில். மூலையில் இரண்டும் கலந்தால் பொய் தெரிந்துவிடும்.

கடையில் வாங்கும் இரும்புச் சீப்பைவிட, பெரிய அழிறப்பரில் பிளேடால் ஒழுங்கில்லாமல் பல் வெட்டியதுதான் எனக்குப் பிடிக்கும். பல் எல்லாம் ஒரே அளவென்றால் ரேகை கொப்பிக் கோடு மாதிரி ஆகிவிடும். அப்புறம் காய்ந்த பிரஷால் ரேகை ஓடும் பக்கமே மெல்ல வருடவும். மரக்கணு ஒரு கதவுக்கு ஒன்று போதும், ஆசை பிடித்து ஐந்து போட்டால் சிறுத்தைத்தோல்தான்.

பிறகு சேர்த்தது: வார்னிஷ் அடித்ததும் ரேகை கலைந்துவிட்டதென்று ஒருவர் எழுதியிருந்தார். மேலே தொட்டால் ஒட்டாமல் இருப்பது போதாது, எங்கள் ஈரக் காற்றுக்கு இன்னும் சில நாள் காயவிட்டுப் பிறகு வார்னிஷ் அடியுங்கள். இன்னொன்று, எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறிய வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.