படுத்திருப்பவரிடம் கேட்டீர்களா? இளம் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. ரகசியம் காக்க வேண்டும், பாரபட்சம் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“அவுககிட்ட சொல்லிறாதீங்க டாக்டர்”

உறவினர்கள் இப்படிச் சொன்னதும் உடனே தலையாட்டிவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர், எழுபதைத் தாண்டியவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. மகன் சிங்கப்பூரிலிருந்து போனில், “ஆத்தா தாங்க மாட்டாக, அல்சர்னு சொல்லிருங்க” என்றார். சொன்னேன். கீமோவைச் சத்து மருந்து என்றேன். மூன்றாம் முறை ஏற்றியபின் கிருமித்தொற்று முற்றி, மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஆச்சி என் கையைப் பிடித்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா முகப்புல கட்டிலப் போட்டு எங்க வீட்டுலயே கெடந்திருப்பேனே. பெட்டகத்தத் தெறந்து பிள்ளைகளுக்கு எங்கையால குடுத்திருப்பேனே.” ஐ.சி.யு.வில் ஐந்தாம் நாள் போய்விட்டார். மகனை நான் குறை சொல்லவில்லை. அவர் பயந்தார், எனக்குத்தான் புத்தி இருந்திருக்க வேண்டும்.

இப்போது பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே நோயாளியிடம் தனியாகக் கேட்டுவிடுகிறேன்: “ரிசல்ட்ட உங்ககிட்ட சொல்லட்டுமா, வேற யார்கிட்டயும் சொல்லணுமா?” “பையன்கிட்டயே பேசிக்கங்க” என்பவர்களும் உண்டு. அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவேன். மறைக்கச் சொல்லும் பிள்ளைகளிடம், “நானா வலியப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆத்தா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்” என்பேன். பிறகு, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பேன். அவசரமாக எழுந்துவிடாதீர்கள்.

கையெழுத்தை உறவினரிடம் வாங்குவது

நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்த வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு.

உறவினரோடு வீடியோ காலில் முடிவெடுப்பது

படுத்திருப்பவர் பேசும் நிலையில் இருந்தால், வேண்டாம்.

“எல்லாம் செஞ்சு பாத்துருவோம்”

இப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள். எதைச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

முன்விருப்பத்தைக் கடைசி நேரத்தில் கேட்பது

செயற்கை சுவாசம் வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் நடைமுறையும் எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். எழுதியவரிடம் நகல் ஒன்று கேட்டு வாங்கி கேஸ் ஷீட்டோடு வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு டூட்டியில் இருப்பவர் கையில் அது கிடைக்க வேண்டும்.