அம்பத்தூரிலிருந்து தீம் பார்க்: ஊருக்கு வந்த குடும்பத்தின் செலவுக் கணக்கு

டொராண்டோவில் விமானம் ஏறும்போது நாங்கள் நான்கு பேர். தீம் பார்க் கிளம்பிய காலையில், அம்பத்தூர் பெரியம்மா வீட்டு வாசலில் பதினொரு பேர் நின்றோம். அக்கா பிள்ளைகள், மாமா, மாமி, கடைசி நிமிடத்தில் சேர்ந்துகொண்ட பக்கத்து வீட்டுப் பையன். 'வெளிநாட்டிலேர்ந்து வந்தவங்க' பர்ஸைத் திறப்பார்கள் என்பது எழுதாத விதி, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நான்கு பேருக்குப் போட்ட கணக்கு அன்று உதவவில்லை. முதலில் தலையை எண்ணுங்கள். டிக்கெட் விலை அப்புறம்.

சென்னையில் இப்போது தேர்வு செய்ய நிறைய இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு பக்கம் எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட். 2025 டிசம்பரில் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் இடையில் வொண்டர்லா திறந்தது. கனடாவில் பெரிய ரோலர் கோஸ்டர்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கே உதட்டைப் பிதுக்குவார்களோ என்ற கவலை, வொண்டர்லாவின் தஞ்சோரா ரோலர் கோஸ்டரைப் பார்த்தால் போய்விடும். கூட வருபவர்கள் சின்னப் பிள்ளைகள் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஈஞ்சம்பாக்கம் போதும், சாயங்காலம் கடற்கரையும் கிடைக்கும்.

டிக்கெட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. பல பூங்காக்களில் பிள்ளைகள் கட்டணம் வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140ஐத் தாண்டினால் பெரியவர். எங்கள் பதினொரு வயது மகள் 150. "நான் குழந்தைதானே" என்று அவள் வாதாடியது அளவுகோலிடம் எடுபடவில்லை. வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். இணையத்தில் காட்டும் விலை ஜிஎஸ்டி சேர்த்ததா என்பதையும் பாருங்கள். பூங்கா டிக்கெட்டுக்கு அது 18 சதவீதம், பதினொரு பேருக்கு இரண்டு டிக்கெட் காசு அதிலேயே போய்விடும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள், அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

இனி தங்கும் இடம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் காசு மிச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அம்பத்தூரிலிருந்து கேளம்பாக்கம் பக்கம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். சென்னையில் வண்டி வாடகை பெரும்பாலும் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற பேக்கேஜ்தான். காலை எட்டுக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வீடு வந்தால் 13 மணி நேரம். அந்தக் கூடுதல் ஐந்து மணி நேரத்துக்கும் கூடுதல் கிலோமீட்டருக்கும் தனிக்கட்டணம், டிரைவர் பேட்டா வேறு. மெட்ரோ வேலை நடக்கிற ஓஎம்ஆரில், ஐடி கம்பெனிகள் விடுகிற நேரத்தில், ஈரத் தலையோடு தூங்கி வழியும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திரும்புவது தனி வேதனை. முதல் தடவை இந்தத் தப்பைச் செய்தோம்.

அடுத்த தடவை ஒரு இரவு அங்கேயே தங்குவது என்று முடிவு செய்தோம். எந்த இரவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் முந்தின நாள் சாயங்காலமே போய் அறை எடுக்கிறார்கள். மறுநாள் பதினொரு மணிக்கோ பன்னிரண்டுக்கோ காலி செய்யச் சொல்வார்கள், பூங்கா அப்போதுதான் களைகட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். என்னைக் கேட்டால் பூங்கா முடிந்த இரவுக்குத்தான் காசு கொடுப்பேன். காலையில் பிள்ளைகளும் ரைடு ஏறுகிறவர்களும் மட்டும் வீட்டிலிருந்து நேராகப் பூங்காவுக்கு. பெரியம்மாவும் முழங்கால் வலிக்காரர்களும் மதியம் இன்னொரு வண்டியில் பெட்டிகளோடு வந்து, இரண்டு மணிக்கு அறைச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். மூன்று டிக்கெட் மிச்சம். வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைக் காவல் காக்கிற வேலையும் அவர்களுக்கு இல்லை.

பதினொரு பேர் என்றால் கோவளம், மாமல்லபுரம் ரிசார்ட்டில் நான்கு அறை வேண்டும். கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் மூன்று படுக்கையறை சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தால் செலவு நன்றாகக் குறையும், துணி காயப்போடவும் இடம் இருக்கும். ஆனால் கடல் இல்லை, காலைச் சாப்பாட்டுக்கு வெளியே போக வேண்டும். ரிசார்ட்தான் என்றால் வாடகை 7,500ஐத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். அதுவரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறை 7,875க்கு முடியும், 8,000 ரூபாய் அறை 9,440 ஆகிவிடும். நான்கு அறைக்குப் பெருக்கிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் விஷயம் முக்கியம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருபவர் தங்கினால் அந்த விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் பதிய வேண்டும். அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜுகள் கையை விரித்துவிடும். நாம் பேசுகிற தமிழைக் கேட்டு போனில் சரி என்பார்கள், நேரில் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்ததும் முகம் மாறும். ஒரு லாட்ஜ் வாசலில் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்களுக்கு அப்படித்தான் ஆனது. முன்பதிவு செய்யும்போதே 'வெளிநாட்டுப் பாஸ்போர்ட்' என்று சொல்லிவிடுங்கள். விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையின் நகலும் கையில் இருக்கட்டும்.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்டில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, இங்கே பள்ளி நடக்கிறது. செவ்வாய், புதனில் போனால் வரிசை குறைவு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். கிறிஸ்துமஸுக்கு வருபவர்களுக்கு அந்த வசதி இல்லை. அரையாண்டு விடுமுறையில் ஊரே அங்கேதான் இருக்கும், மழையும் முழுதாக விட்டிருக்காது.

தண்ணீர் ரைடுகளுக்குப் புடவை, சுடிதார், பருத்திச் சட்டையை விடமாட்டார்கள். நைலான் உடையை தி. நகரிலேயே வாங்கிவிடுங்கள். வெளிச் சாப்பாடும் கூடாது, மாமியின் புளியோதரை வண்டியிலேயே காத்திருக்கும்.

மறுநாளை மாமல்லபுரத்துக்கு வையுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியக் கட்டணம்தான், 2021 மார்ச்சில் வந்த அரசாணை அதைச் சொல்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் 40தான். 15 வயதுக்குக் கீழே இலவசம். அட்டையை அறையிலேயே விட்டுவிட்டுப் போய் கவுண்டரில் நின்று 1,200 ரூபாய் கட்டினோம், என் கணவரும் நானும். பெரியம்மா தன் 40 ரூபாய் டிக்கெட்டை விசிறிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.