கார்ப்பெட் அனிமோனும் கோமாளி மீனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோமாளி மீன் ஜோடி தொட்டிக்குப் பழகி, கையைப் பார்த்ததும் மேலே வந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால், அடுத்து வரும் ஆசை அனிமோன்தான், அதாவது பாறையிலோ மணலிலோ பாதத்தை ஊன்றிப் பூப்போல விரியும் கடல் விலங்கு. கடையில் ஒரு கார்ப்பெட் அனிமோன் தட்டு அகலத்துக்கு விரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பச்சையோ நீலமோ ஊதாவோ, நெருக்கமான குட்டை உணர்நீட்சிகளும் மடிப்பு மடிப்பாக அசையும் ஓரமும் ஆளை அங்கேயே நிறுத்திவிடும். "நம்ம மீனுக்கு ஒரு வீடு" என்று சொல்லிக்கொண்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

கோளாறு அங்கேயே தொடங்குகிறது. தொட்டியில் வளரும் கோமாளி மீனுக்கு அனிமோன் அவசியமே இல்லை. கடலில் அதைத் தின்ன வரும் மீன்கள் உண்டு, அதனால் அங்கே அதற்குப் பாதுகாப்பு வேண்டும். வீட்டில் அனிமோன் இல்லாமலே முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், பல ஆண்டு வாழும். அனிமோன் விஷயம் வேறு. தொட்டியின் அளவு, மணலின் ஆழம், விளக்கு, கூட இருக்கும் மீன்கள் என எல்லாமே அதற்கு ஏற்ப அமைந்திருக்க வேண்டும். முதலில் அனிமோனுக்கான தொட்டி, பிறகு அனிமோன், கடைசியில் மீன் என்பதுதான் சரியான வரிசை. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கீழே வரும் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

இனம் தெரியாமல் வாங்குவது

கார்ப்பெட் என்று கடைகளில் வருவது பெரும்பாலும் 3 இனங்கள்: ஸ்டிகோடாக்டைலா ஹேடோனி, ஸ்டிகோடாக்டைலா ஜைகாண்டியா, ஸ்டிகோடாக்டைலா மெர்டென்சி. ஹேடோனி மணலில் வாழ்வது. பாதத்தை மணலுக்குள் ஆழமாக இறக்கி, அடியில் கிடக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு, மேலே விரிந்து கிடக்கும். சீண்டினால் மொத்தமாக மணலுக்குள் இழுத்துக்கொள்ளும். முழுதாக வளர்ந்தது 50 முதல் 80 செ.மீ. வரை விரியும். ஜைகாண்டியா ஆழமில்லாத, வெயிலும் நீரோட்டமும் பலமாக உள்ள இடத்துக்காரர். பெயர்தான் பிரமாண்டம், ஆள் சாதாரணமாக அரை மீட்டரைத் தாண்டுவதில்லை. உணர்நீட்சிகள் கொஞ்சம் நீளமாக இருக்கும், ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அடையாளம் காண இது போதும். மெர்டென்சி பாறையில் ஒட்டிக்கொண்டு 1 மீட்டருக்கு மேலும் விரியும். வீட்டுத் தொட்டிக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

பெயர் கேட்காமல் வாங்கி வந்தால் ஹேடோனியைப் பாறை மேல் உட்கார வைப்போம், ஜைகாண்டியாவை மங்கலான மூலையில் போடுவோம். இரண்டும் இடம் பிடிக்காமல் தொட்டி முழுக்க அலையும்.

எந்த இனமானாலும் 2 அடி நானோ தொட்டி வேண்டாம். ஹேடோனிக்கு 4 அடித் தொட்டிக்குக் குறைந்து சரிவராது என்பது என் கருத்து. வாங்கும்போது உள்ளங்கை அகலம்தான் இருக்கும் என்பதை நம்பி ஏமாற வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. கடைக்கு வரும் கார்ப்பெட்டுகள் ஏறக்குறைய எல்லாமே கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பபிள் டிப் என்ற வேறு வகை அனிமோன் தொட்டியிலேயே தானாகப் பிளந்து பெருகும், நண்பர்களிடமே ஒன்று கிடைத்துவிடும். கார்ப்பெட் அப்படிப் பெருகுவது அபூர்வம். அதனால் முதல் அனிமோனாகக் கார்ப்பெட்டை எடுக்காதீர்கள். பபிள் டிப் ஒன்றை ஓராண்டாவது நன்றாக வைத்திருந்துவிட்டு வாருங்கள்.

எந்த மீனும் எந்த அனிமோனிலும் குடியேறும் என்று நினைப்பது

கோமாளி மீன்கள் சுமார் 30 இனங்கள். அவற்றுக்கு இடம் கொடுக்கும் அனிமோன்கள் 10 இனங்கள்தான். ஒவ்வொரு மீனுக்கும் இயற்கையில் அதனதன் விருப்பம் உண்டு. கடைகளில் அதிகம் விற்கும் ஒசெல்லாரிஸ் கோமாளி கடலில் ஜைகாண்டியாவிலும் மெர்டென்சியிலும் இருக்கும், ஹேடோனியில் இருப்பதில்லை. ஹேடோனிக்கு இயல்பான ஜோடி சீபே, பாலிம்னஸ், கிளார்க்கி ஆகிய கோமாளி இனங்கள். இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் சீபே கோமாளியும் ஹேடோனியும் சேர்ந்தே வாழ்கின்றன. கிளார்க்கி எதையும் ஏற்றுக்கொள்ளும் ரகம். மரூன் கோமாளிக்கோ பபிள் டிப் ஒன்றுதான் சொந்த வீடு, அதைக் கார்ப்பெட்டோடு சேர்க்காதீர்கள்.

தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒசெல்லாரிஸ் அனிமோனையே பார்த்திருக்காது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கிய பிறகு, இப்படி வளர்ந்த மீன்கள் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கின்றன. கடல் மீனை விட இவற்றை வாங்குவதுதான் நல்லது. ஆனால் அனிமோனைக் கண்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில மீன்கள் ஒரே நாளில் போகும், சில பல மாதம் எடுக்கும், சில வேவ்மேக்கரின் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) பின்புறத்தையே வீடாக்கிக்கொண்டு கடைசிவரை அனிமோனைத் திரும்பிப் பார்க்காது. வலையால் துரத்தி அனிமோனுக்குள் தள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஹேடோனியின் கொட்டும் செல்கள் வலுவானவை. பழகாத சின்ன மீன் தடுமாறி விழுந்தால் அதற்கு அது இரைதான்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் வரும். கையளவு புது அனிமோனில் வளர்ந்த பெண் மீன் ஒன்று முட்டி மோதிப் புரண்டால் அனிமோனால் விரியவே முடியாது. அதன் வாயில் வைத்த இறாலையும் மீன் பிடுங்கிக்கொள்ளும். அனிமோன் நிலைபெறும்வரை அதன் மேல் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்து மீனை வெளியே நிறுத்துங்கள். மீன்களின் எண்ணிக்கையும் இரண்டோடு நிற்கட்டும். ஜோடியில் பெரியதுதான் பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறும். மூன்றாவதாக வருவதை இரண்டும் சேர்ந்து கடித்தே கொன்றுவிடும்.

கடையில் நிறத்தை மட்டும் பார்ப்பது

பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளிலோ ரோஸ் நிறத்திலோ பாதம்வரை ஒரே சீராக இருக்கும் கார்ப்பெட் சாயம் ஏற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். தும்பைப்பூ வெள்ளையாக இருப்பது, உள்ளே வாழும் நுண்பாசியை இழந்து வெளிறிப்போனது. அந்த நுண்பாசிதான் வெளிச்சத்திலிருந்து உணவு தயாரித்து அனிமோனுக்குக் கொடுக்கிறது. அது போனால் விலங்கு பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

நிறத்தை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். நடுவில் இறுக மூடியிருக்க வேண்டும். தொளதொளவென்று திறந்து, உள்ளேயிருப்பது வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தால் நடையைக் கட்டுங்கள். அப்புறம் பாதம். கண்ணாடியிலிருந்தோ பாறையிலிருந்தோ பிய்த்து எடுக்கும்போது கிழிந்தது பெரும்பாலும் பிழைப்பதில்லை. கடைக்காரரிடம் குச்சியில் ஒரு துண்டு இறாலை வைத்துத் தொடச் சொல்லுங்கள். நல்ல ஹேடோனி என்றால் துண்டு பசை போட்டதுபோல் ஒட்டும், ஓரம் மெல்ல மடிந்து வரும். இறால் வழுக்கிக்கொண்டு போனால் உடம்பு சரியில்லை. உடனே வாங்காமல், ஒரு வாரம் கழித்துப் போய் மறுபடி பாருங்கள். அதற்குள் விற்றுப்போனால் போகட்டும்.

வெறும் விரலால் சோதிக்காதீர்கள். பிடித்துக்கொண்டதைப் பதறி இழுத்தால் உணர்நீட்சிகள் பிய்ந்து விரலோடு வந்துவிடும். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் பலருக்கு ஒன்றும் தெரியாது. மணிக்கட்டின் உள்பக்கம் பட்டால் தடித்துச் சிவக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்னும் மோசமாகலாம். கையுறை போடுங்கள், வேலை முடிந்து கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

தண்ணீர், செம்பு, மே மாதம்

தொட்டி அமைத்து 2 மாதத்தில் அனிமோன் விடுவது பலரும் செய்வது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மீனுக்கு அது போதும். அனிமோனுக்கு அளவுகள் ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்க வேண்டும், அதற்கு 6 மாதம் முதல் ஓராண்டுவரை தொட்டி பழக வேண்டும். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு). இந்த எண்களைவிட அவை நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது முக்கியம்.

செம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனின் வெண்புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்து அனிமோனையும் இறாலையும் கொன்றுவிடும் என்பது பலருக்குத் தெரியும். வீட்டுச் சமையலறையிலிருந்தே செம்பு வரலாம் என்பது தெரியாது. இப்போது விற்கும் குடிநீர் ஆர்ஓ கருவிகள் பலவற்றில், உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. தண்ணீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. அந்தத் தண்ணீரில் உப்பு கரைத்தால் மீன் நன்றாக இருக்கும், அனிமோன் மட்டும் காரணம் தெரியாமல் சுருங்கிக்கொண்டே போகும். தொட்டிக்கென்று தனி ஆர்ஓ டிஐ யூனிட் (கரைந்த உப்புகளை நீக்கித் தரும் வடிகட்டி) வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொட்டியை இரண்டாம் கையாக வாங்கினால், முன்பு செம்பு மருந்து போட்டார்களா என்று கேளுங்கள்; கல்லிலும் சிலிக்கான் ஒட்டிலும் தங்கியிருக்கும்.

நம் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் கார்ப்பெட் வைக்க நினைப்பது வீண். மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீரையே ஊற்றும் தவறும் இங்கே நடக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. ஊற்ற வேண்டியது ஆர்ஓ டிஐ நல்ல தண்ணீர். ஆவியானதைத் தானாக நிரப்பும் ஏடிஓ கருவி இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஒன்றையாவது இணைத்து வையுங்கள்.

அலங்காரக் கல் விஷயத்திலும் கவனம் வேண்டும். கடற்கரையிலிருந்து பவளக்கல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. செயற்கைக் கல்லே போதும்.

இடம், பம்பு, வெளிச்சம்

ஹேடோனிக்கு மணல் 8 முதல் 10 செ.மீ. ஆழம் வேண்டும். பம்பை நிறுத்திவிட்டு, மணலில் குழி பறித்து, அதில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, பாதம் கீழே இருக்கும்படி அனிமோனை இறக்கி மணலை அணைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதம் பிடித்துக்கொள்ளும். பிறகு அது நகர்ந்தால் நகரட்டும். நமக்குப் பார்க்க வசதியாக இல்லை என்று பெயர்த்து இடம் மாற்றுவதில்தான் பாதம் கிழிகிறது.

அலையும் நாட்களில் பெரிய எமன் வேவ்மேக்கர். இரவில் நகர்ந்து போய் அதில் உறிஞ்சப்பட்டால் காலையில் தொட்டி முழுக்கக் கூழ்தான். அனிமோன் வருவதற்கு முன்பே எல்லா உறிஞ்சு வாய்களுக்கும் வலையோ ஸ்பாஞ்சோ போட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். புது எல்இடியை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரிய விடாமல், குறைத்து ஆரம்பித்துச் சில வாரங்களில் ஏற்றுங்கள்.

தீனியும் அக்கம்பக்கமும்

பாசத்தில் தினமும் முழு இறால் கொடுப்பவர்கள் உண்டு. பெரிய துண்டைச் செரிக்க முடியாமல் மறுநாள் கக்கிவிடும், அது மணலில் கிடந்து அழுகும். சுண்டு விரல் நகம் அளவு இறாலோ மீன் சதையோ, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். உப்பும் மசாலாவும் படாத, நன்றாகக் கழுவிய துண்டு. சுருங்கிப் பழுப்பாக எதையோ வெளியே தள்ளினால் பயப்பட வேண்டாம், அது கழிவு.

மற்ற மீன்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்வதானால், ஹேடோனி மீன் தின்னி. கோபி, பிளென்னி, மாண்டரின் மீன்கள் இரவில் மணலோரம் படுக்கும்போது காணாமல் போகும். டேங் போன்ற பெரிய மீன்கூட இருட்டில் மிரண்டு மோதினால் தப்பாது. கடல் குதிரை பேச்சே இல்லை. விளக்கு சட்டென்று அணையாமல் மெல்ல மங்கும்படி வைத்தால் இழப்பு குறையும், நிற்காது. வேறு இன அனிமோனையும் அதே தொட்டியில் சேர்க்காதீர்கள். தொட்டுக்கொள்ளாவிட்டாலும் தண்ணீரில் கலக்கும் சுரப்புகளால் ஒன்றையொன்று நலிய வைக்கும்.

சுருங்கியிருக்கிறதா, செத்துவிட்டதா?

புதிதாக வந்த அனிமோன் பகலில் ஊதுவதும் மாலையில் தொய்வதுமாகச் சில நாள் இருப்பது சகஜம். தொடர்ந்து பல நாள் காற்றுப்போன பையாகக் கிடந்து, வாயும் திறந்தே இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் தனி மருத்துவத் தொட்டியில், தினமும் தண்ணீர் மாற்றித்தான் செய்ய வேண்டும். முதன்மைத் தொட்டியில் போட்டால் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும். இந்தத் தனித் தொட்டியை அனிமோன் வாங்குவதற்கு முன்பே தயாராக வைத்திருப்பவர்கள் குறைவு.

சந்தேகம் வந்தால் முகர்ந்து பாருங்கள். உயிருள்ள அனிமோன் நாறாது. செத்தது அழுகிய மீன் வாடை அடிக்கும், தொட்டால் சதை நூல் நூலாகப் பிரியும். அப்போது நாளை பார்க்கலாம் என்று விட்டுவைத்தால் ஓரிரவில் அம்மோனியா ஏறி மீன்களையும் கொண்டுபோய்விடும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் அள்ளி எடுத்து, பிய்ந்த துண்டுகளைக் குழாய் வைத்து உறிஞ்சி, 30 முதல் 50 சதவீதம் தண்ணீர் மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மறுநாள் காலையில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். இதற்கு வேண்டிய உப்புத் தண்ணீர் ஒரு டிரம்மில் கலக்கித் தயாராக இருக்க வேண்டும்.