மொரீசியஸ், ரொட்ரிக்ஸ் தீவுகளில் பறவை பார்க்க: படகுச் செலவை எங்கே குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது

மொரீசியஸில் தீவுப் படகுக்கு விலை விசாரித்தால் முதலில் கையில் திணிக்கப்படுவது கத்தமரான் விளம்பரம்தான். காலையில் கிரான் பேயில் ஏற்றி, நடுவில் ஒரு கடற்கரையில் இறக்கி, பொரித்த மீனும் பாட்டும் கொடுத்து, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு நாள் பொழுதுபோக்குக்கு அந்தத் தொகை மோசமில்லை. பறவை பார்க்கப் போகிறவருக்கு அது வீண் செலவு. கரையில் நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதுவும் உச்சி வெயிலில், பறவைகளெல்லாம் நிழலுக்குள் ஒடுங்கியிருக்கும் வேளையில்.

டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பஸ், படகு, அனுமதிக் கட்டணம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, பறவைக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் நிற்கக் கிடைக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். இந்தக் கணக்கில் மலிவாக நிற்பவை இரண்டே இடங்கள்: மாஹேபூருக்கு எதிரே இருக்கும் இல் ஓ ஸெக்ரெத், ரொட்ரிக்ஸுக்கு மேற்கே இருக்கும் கொக்கோ தீவு.

இல் ஓ ஸெக்ரெத்: குறைந்த காசு, நிறைந்த பறவை

சுமார் 26 ஹெக்டேர் அளவுள்ள பவளச் சுண்ணாம்புத் தீவு. 1965 முதல் இயற்கைக் காப்பகம். இன்று இதைப் பராமரிப்பது மொரீசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. படகில் ஏறி உட்கார்ந்து, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டி முடிப்பதற்குள் பாதி தூரம் போய்விடும். படகும் வழிகாட்டியும் ஒரே கட்டணத்தில் அடக்கம். அந்தப் பணம் தீவின் பராமரிப்புக்கே போகிறது. வேறு தரகரிடம் பதிவு செய்தால் ஹோட்டலிலிருந்து கார், நடுவில் ஒரு கடை என்று சேர்த்து விலையைப் பல மடங்காக்கிவிடுவார்கள். ஃபவுண்டேஷனிடம் நேரடியாகப் பதிவு செய்யுங்கள்.

உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. உள்ளூர் விலை வேண்டுமானால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். குடும்பமாகப் போனால் ஒவ்வொருவருடையதும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த உறவினரை அழைத்துப் போகும்போது எல்லாருக்கும் உள்ளூர் விலைதான் என்று நினைத்துக் கணக்குப் போட்டு, கவுன்டரில் போய் நிற்பது வழக்கமான தவறு.

போர்ட் லூயிஸிலிருந்து போக மெட்ரோவில் கியூர்பிப் வரை வந்து, அங்கிருந்து மாஹேபூர் பஸ் பிடிப்பது வசதி. மாஹேபூர் நிலையத்தில் ப்ளூ பே போகும் பஸ்ஸில் ஏறி, புவான் ஜெரோம் என்று சொல்லி இறங்குங்கள். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் 2005 முதல் பஸ் இலவசம் என்பதால் அம்மா அப்பாவையும் கூட்டிப் போக இது நல்ல இடம். பாதை சமதளம், பெரும்பகுதி நிழல். பஸ் இருக்கிறது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள், வண்டிகள் குறைவு. எந்த நாளானாலும் மாலை இருட்டிவிட்டால் கிராமத்துப் பக்கம் பஸ் கிடைப்பது சிரமம். திங்கட்கிழமை மாஹேபூரில் சந்தை. நெரிசல்தான், ஆனால் சூடான டால் பூரி வாங்கிக் கட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல நாள் இல்லை. பை நிறையச் சாப்பாடு தேவைப்படாது. தீவில் இருக்கப்போவது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

எப்போதும் நாளின் முதல் படகைக் கேளுங்கள். வெயில் ஏறாத நேரம் என்பது ஒன்று. வழிகாட்டி இல்லாமல் தனியே திரிய முடியாது, எனவே குழு சிறிதாக இருந்தால் உங்களுக்கு லாபம் என்பது இன்னொன்று. பதிவு செய்யும்போதே பறவை பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நேரத்தில் பாதி ராட்சத ஆமைகளுக்குப் பக்கத்தில் படம் எடுப்பதில் போய்விடும்.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது இளஞ்சிவப்புப் புறா. 1990 வாக்கில் காட்டில் 10 அளவில்தான் மிஞ்சியிருந்தது. வளர்ப்பில் பெருக்கி மீண்டும் விடப்பட்டது. காலில் வண்ண வளையம் இருக்கும். துரத்திப் போகாமல் தீனித்தட்டுக்கு அருகே சும்மா நின்றால் அதுவாகவே வரும். இரண்டாவது மொரீசியஸ் ஃபோடி என்ற சிறு குருவி. இதில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். ஊரெல்லாம் பறக்கும் கார்டினாலும் ஒரு ஃபோடிதான், ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஆண் பறவை இனப்பெருக்கக் காலத்தில் தலை முதல் வயிறு வரை சிவப்பு. மொரீசியஸ் ஃபோடிக்குச் சிவப்பு தலையிலும் மேல் மார்பிலும் நின்றுவிடும், வயிறு மங்கிய பழுப்புப் பச்சை. வயிற்றைப் பார்க்காமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். மூன்றாவது ஆலிவ் வெள்ளைக்கண்ணி. தோட்டத்துக்கு வரும் சாம்பல் நிற ஸோஸோ மானியோக் கூட்டமாகக் கிச்சுகிச்சென்று வரும். இது தனியாகவோ ஜோடியாகவோ, நீண்டு வளைந்த அலகோடு பூக்களில் தேன் தேடும்.

கிளம்புமுன் செருப்பின் அடியையும் பையின் மூலைகளையும் தட்டிவிடுங்கள். எலியும் பூனையும் ஒழிக்கப்பட்ட தீவு இது. ஒரு விதையோ எறும்போ ஒட்டிக்கொண்டு போனால் ஆண்டுக்கணக்கான வேலை கெட்டுப்போகும். 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் புவான் தெஸ்னிக்கு வெளியே பாறைத்திட்டில் ஏறியபோது எண்ணெய் இந்தக் கரை வரை வந்தது நினைவிருக்கும். இவ்வளவு சிறிய இடத்துக்கு எதுவும் பெரிய ஆபத்துதான்.

மொரீசியஸ் சிறு வல்லூறு தீவில் கிடைக்காது. 1974இல் நான்கே நான்குதான் தெரிந்திருந்த பறவை அது. மாஹேபூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெர்னே பள்ளத்தாக்கை அதே நாளில் சேர்த்துக்கொண்டால் இரண்டாவது பஸ் செலவு மிச்சம்.

வடக்குத் தீவுகள்

குவான் தெ மீர், இல் பிளாத், கப்ரியேல், ரவுண்ட் ஐலண்ட் என்று வரிசையாக நிற்கும். ரவுண்ட் ஐலண்டில் சுற்றுலாப் பயணி இறங்க வழியே இல்லை. இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேறு எங்கும் போகாதீர்கள். குவான் தெ மீரைப் படகிலிருந்து பார்ப்பதோடு சரி. அங்கே செங்குத்துப் பாறை முகப்பில் நீண்ட வெள்ளை வாலோடு சுற்றும் பாய்-ஆங்-க்யூ என்ற கடற்பறவைகளைப் பார்க்க இறங்கவே தேவையில்லை. கப்ரியேலில் சிவப்பு வால் உடைய இனம் புதருக்கடியில், வெறும் தரையில் கூடு வைக்கும். வேலி போட்ட இடத்தைத் தாண்டாதீர்கள்.

இதற்குக் கத்தமரானைவிட, காப் மாலரேவில் ஆறு எட்டு பேர் சேர்ந்து ஒரு சிறிய படகை வாடகைக்குப் பேசுவது நல்லது. படகுக்குத்தான் விலை, தலைக்கு அல்ல. நால்வர் எண்மரானால் பங்கு பாதியாகும், கிளம்பும் நேரமும் உங்கள் கையில். படகுக்கு வணிக உரிமம் இருக்கிறதா, ஆள் எண்ணிக்கைக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். குவான் தெ மீருக்கும் இல் பிளாத்துக்கும் நடுவே கடல் குமுறும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் அந்த இடத்தில் தொலைநோக்கி பையை விட்டு வெளியே வராது.

இல் ஓ செர்ஃபுக்கு த்ரூ தோ தூஸிலிருந்து மலிவான படகு கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கிறதுதான். மைனாவையும் சிட்டுக்குருவியையும் பார்க்கப் படகு எதற்கு?

ரொட்ரிக்ஸுக்குக் கப்பலா, விமானமா

கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலில் போகும்போது ஒன்றரை நாள், வரும்போது அதைவிடக் குறைவு. காரணம் எளிது: காற்றும் அலையும் கிழக்கிலிருந்து வருகின்றன. போகும்போது கப்பல் முகத்தில் அடி வாங்கிக்கொண்டு போகிறது, திரும்பும்போது முதுகில் தள்ளுகிறது. வயிறு பலமில்லாதவர்கள் போகும்போது விமானமும் வரும்போது கப்பலும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவழி விமான டிக்கெட் சில சமயம் உள்ளூர்வாசிகளுக்கான இருவழிச் சலுகை விலையை எட்டிவிடும். இரண்டையும் ஒரே நாளில் விசாரித்து ஒப்பிடுங்கள்.

இந்தப் பாதையில் பல ஆண்டுகளாக ஓடிய கப்பலின் பெயர் மொரீசியஸ் ட்ரொகேஷியா. சரக்குதான் இந்தப் பாதையின் முதல் வேலை; பயணி இரண்டாவது. எனவே கவுன்டரில் இந்த வரிசையில் கேளுங்கள். அந்தத் தேதிக் கப்பலில் பயணிகளை ஏற்றுகிறார்களா? இருக்கை மட்டும் எவ்வளவு, கேபின் எவ்வளவு? சாப்பாடு சேர்த்தா? தேதி மாறினால் பணம் திரும்புமா, அல்லது அடுத்த கப்பலுக்கு மாற்றித் தருவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம், பிறகு சண்டை போடுகிறவர்களும் அவர்களே. நவம்பர் முதல் மே வரை சூறாவளிக் காலம். எச்சரிக்கை வந்தால் அட்டவணை தலைகீழாகும். கப்பல் வந்து சேரும் மறுநாளே இந்தியாவுக்கு விமானம் என்று டிக்கெட் போடாதீர்கள். குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். தைப்பூசக் காவடி விடுமுறை, பள்ளி விடுமுறை, டிசம்பர் கடைசி இவற்றுக்கு இருக்கைகள் வெகு முன்பே போய்விடும்.

விமானத்தைவிடக் கப்பல் மிச்சமா? விடுப்பு குறைவாக உள்ளவருக்கு இல்லை. நேரம் இருப்பவருக்கு ஆம், அதோடு கடற்பறவைகள் கூடுதல் வரவு. நடுக்கடலில் ஆப்பு வால் ஷியர்வாட்டர், கரு ஆலா, அதிர்ஷ்டம் இருந்தால் ரியூனியனில் கூடு வைக்கும் பாரோ பெட்ரெல். நிற்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கிழக்கே போகும்போது காலைச் சூரியன் நேர் முன்னால். அதனால் முன்பக்கம் நிற்காமல் பின்தளத்துக்குப் போங்கள். குளிர்காலத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கில், அதாவது இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் நின்று தெற்கே பார்த்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால். காற்றும் அந்தப் பக்கமிருந்தே வருவதால் சாரல் அடிக்கும், எனவே கப்பலின் மேல்கட்டடம் மறைக்கும் இடமாகப் பாருங்கள்.

தொலைநோக்கி 8×42 போதும். 10 மடங்கு பெருக்கம் ஆடும் தளத்தில் கையின் நடுக்கத்தையும் பெருக்கும். கண்ணாடியில் உப்புச் சாரல் பட்டால் சட்டை முனையால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்புத்துகள் பூச்சைக் கீறும். குடிதண்ணீரை இரண்டு மூடி ஊற்றிக் கரைத்துவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

ரொட்ரிக்ஸில் இறங்கியதும் போர்ட் மாத்யூரானிலிருந்து மோன் லூபேனுக்கு பஸ் ஏறி, கிராந்த் மோந்தாஞ் காப்பகத்துக்குப் போங்கள். ரொட்ரிக்ஸ் கதிர்க்குருவியும் மஞ்சள் முகமுள்ள ரொட்ரிக்ஸ் ஃபோடியும் உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. இரண்டும் ஒருகாலத்தில் விரல்விட்டு எண்ணும் நிலைக்குப் போய் மீண்டவை. இதற்குப் படகுச் செலவே கிடையாது.

கொக்கோ தீவு

இதற்கு அனுமதி வேண்டும், உள்ளூர்ப் படகோட்டி வேண்டும், கடல் ஏற்றமும் ஒத்துவர வேண்டும். ரொட்ரிக்ஸின் லகூன் மிகப் பரந்தது, ஆழமில்லாதது. வற்றும்போது ஆக்டோபஸ் பிடிக்கிறவர்கள் நடந்தே போகிற இடத்தில் படகு தட்டி நின்றுவிடும். அதனால் கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது, தண்ணீர்தான் முடிவு செய்யும். புவான் துய் தியாப்பிலிருந்து ஏறினால் ஒரு மணி நேர அளவில் போய்ச் சேரலாம். காற்று பலமானால் கூடும்.

விலை பேசும்போது தீவில் இறங்கும் கட்டணம் சேர்த்தா, மதியச் சாப்பாடு சேர்த்தா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் சேர்க்காமல் சொல்வார். குறைவாகச் சொன்னவரே கடைசியில் அதிகமாக வாங்கியிருப்பார். தனியாக வந்தவர்கள் தங்கும் வீட்டுக்காரரிடம் முதல்நாள் மாலையே சொல்லிவைத்தால், மறுநாள் போகும் குழுவோடு சேர்த்துவிடுவார். இதுதான் ஆகக் குறைந்த வழி. ரொட்ரிக்ஸில் முதல் நாளையே இதற்கு வையுங்கள். காற்றில் ரத்தானால் மாற்ற இன்னும் நாட்கள் மிச்சமிருக்கும். கடைசி நாளில் வைத்துக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.

தீவில் சவுக்கு மரங்களின் கிளைகளில் சிறு நாடி (நோடி) என்ற கடற்பறவைகளின் கூடுகள், தலைக்கு எட்டும் உயரத்தில். ஆள் வந்தாலும் எழுந்து பறக்காது. அந்தத் தைரியத்தைப் பயன்படுத்தி மிக அருகே போகாதீர்கள். தாய் எழுந்தால் வெயில் நேரே முட்டையில் விழும். வெள்ளை ஆலா கூடே கட்டுவதில்லை. வெறும் கிளையில் சின்னப் பள்ளம் இருக்குமிடமாகப் பார்த்து ஒற்றை முட்டையை வைத்துவிடும். கிளையைப் பிடித்துக் குனிவது, பையை மாட்டித் தொங்கவிடுவது, துண்டைக் காயப்போடுவது எதுவும் கூடாது. ஓர் அசைவில் முட்டை மணலில் கிடக்கும். பக்கத்து சாப்ல் தீவு பார்வையாளருக்கு மூடப்பட்டது. அதைப் படகிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கியதும் குழுவினர் நிழலுக்கும் சாப்பாட்டுக்கும் போவார்கள். நீங்கள் அப்போதே காவலரோடு நடந்துவிடுங்கள், சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படகோட்டி கூப்பிட்டால் இன்னும் பத்து நிமிஷம் என்று இழுக்காதீர்கள். தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டால் வழியில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், முழங்கால் அளவு நீரில், கேமராப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு.