அமெரிக்கப் பள்ளியில் ஓராண்டு: தடுப்பூசி அட்டையிலிருந்து லாக்கர் வரை

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஓராண்டு பரிமாற்ற மாணவியாக அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தேன். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூர். திரும்பியதிலிருந்து சித்தியின் தோழி மகள் வரைக்கும் ஆள் ஆளாகப் போன் செய்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது; அதைச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தேர்வான பிறகு தொடங்குகிற தலைவலிகளுக்குத்தான் இந்தப் பதிவு.

தகுதியை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பரிமாற்றத்துக்கு ஜே-1 விசா. திட்டம் தொடங்கும்போது 15 வயது நிறைந்திருக்க வேண்டும், பதினெட்டரை ஆகியிருக்கக் கூடாது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. நீங்கலாகப் பள்ளியில் 11 ஆண்டுகளுக்கு மேல் முடித்திருக்கக் கூடாது. செலவு முழுவதையும் அமெரிக்க அரசே ஏற்கிற கென்னடி–லூகர் யெஸ் போன்ற திட்டங்களும் உண்டு (2002-இல் தொடங்கியது), பெற்றோர் பணம் கட்டிப் போகிற வழியும் உண்டு. அரசுப் பணத்தில் போனால், முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். அங்கே படிக்கும் ஆண்டு இங்கே பிளஸ் ஒன்னாகக் கணக்கில் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். திரும்பி வந்தால் இடம் தருவோம் என்று உங்கள் பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

இனிஷியல் வைத்துக்கொள்கிற நமக்கென்றே காத்திருக்கும் பள்ளம் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பள்ளிக் கணினியும் அதையே எடுத்துக்கொள்ளும். முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியர் "ஃப்னு" என்று மூன்று முறை கூப்பிட்டு, யாரும் கை தூக்காததால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயராகக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று, மாற்ற நேரமில்லை என்றால், வகுப்பு அட்டவணை அச்சாவதற்கு முன்பே பள்ளி ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: தடுப்பூசி (பெட்டி வாங்குவதற்கு முன்பே)

என்னைப் படுத்தியெடுத்தது இந்தப் படிதான். விசாகூட இவ்வளவு இழுக்கவில்லை. சிறுவயதில் போட்ட ஊசிகளின் அட்டை பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைப்பார்கள். அங்கே கேட்கும் பட்டியலும் இங்கே போட்ட பட்டியலும் ஒன்றல்ல.

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் எல்லோருக்கும் போட்ட ஊசி நினைவிருக்கிறதா? அது எம்.ஆர்.; தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும்தான். அமெரிக்கப் பள்ளிகள் கேட்பது எம்.எம்.ஆர்., அதாவது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்தது, அதுவும் இரண்டு தவணை. ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசியையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும். பத்து வயதில் அரசுத் திட்டத்தில் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லை. அவர்கள் கேட்பது அதுவும் சேர்ந்த டிடாப். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது, தனியாக இரண்டு தவணை போட வேண்டும். "இவளுக்குத்தான் அம்மை வந்து, தண்ணீர் ஊற்றி, மாரியம்மனுக்குக் கூழும் காய்ச்சியாயிற்றே" என்றார் என் பாட்டி. கூழுக்குச் சான்றிதழ் கிடையாது. பெரும்பாலும் மருத்துவர் எழுதிய குறிப்பையோ, எதிர்ப்பாற்றல் இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவையோதான் கேட்பார்கள்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் முதல் வேலையாக அந்தப் பள்ளியின் பட்டியலை வரவழைத்து, அதையும் உங்கள் அட்டையையும் மருத்துவர் முன் அருகருகே வையுங்கள். பிறகு வரிசை முக்கியம்.

காசநோய்ப் பரிசோதனை கேட்டிருந்தால் அதை முதலில் முடியுங்கள். நமக்கெல்லாம் பிறந்தவுடன் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால், கையில் ஊசி குத்தி வீக்கத்தை அளக்கும் மாண்டூ சோதனையில் நோய் இல்லாமலே தடிப்பு வரலாம். அதைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடு, கடிதம் கொண்டு வா என்று அலையவிடுவார்கள். ஐ.ஜி.ஆர்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனையைப் பி.சி.ஜி. குழப்பாது. அதை ஏற்பீர்களா என்று பள்ளியிடம் கேட்டுவிட்டு, ஏற்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நிம்மதி.

எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. ஒரே நாளில் இரண்டையும் போடலாம். தவறினால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். காசநோய்ப் பரிசோதனைக்கான ரத்தத்தை அதே நாளிலோ அதற்கு முன்போ கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் தவணைக்கும் 28 நாள். மஞ்சள் காமாலை பி ஊசி விட்டுப்போயிருந்தால் மூன்று தவணையும் முடிய நாலு மாதமாவது ஆகும். ஆகஸ்டில் பயணம் என்றால் மார்ச்சிலேயே அட்டையைத் தேடச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று: தேதி. அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஜூலை 4 என்று நினைத்து நாம் 04/07 எழுதினால் ஏப்ரல் 7 என்று படித்து, தவணைகளுக்கு இடையே நாள் போதவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மாதத்தை எழுத்தில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 3: கைப்பை

பாஸ்போர்ட், டி.எஸ்-2019 (திட்டத்தை நடத்தும் நிறுவனம் ஜே-1 விசாவுக்காகத் தரும் படிவம்) அசல், தடுப்பூசிச் சான்று மூன்றும் கையோடு இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் குடியேற்ற அதிகாரி கேட்கும்போது அது எங்கோ உருளும் பட்டையில் சுற்றிக்கொண்டிருக்கும். செல்போனில் ஸ்கேன் இருக்கிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொத்தான் வைத்த ஒளிபுகும் பிளாஸ்டிக் கோப்பு, நாற்பது ரூபாய். அதை மிஞ்சிய கருவி இல்லை.

இட்லிப் பொடி கொண்டு போகலாம், சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று தெரிவித்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் தடை. குளிருக்கான மேலங்கியை இங்கே வாங்காதீர்கள். விஸ்கான்சின் ஜனவரிக்கு முன் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஜாக்கெட் வெறும் சால்வை. அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லதே மலிவாகக் கிடைக்கும்.

படி 4: லாக்கர்

சிரிக்காதீர்கள். புத்தகம், பை வைக்கப் பள்ளித் தாழ்வாரத்தில் தரும் அலமாரிதான் லாக்கர்; அதற்கு எண் பூட்டு. வகுப்புக்கு வகுப்பு ஓடும் நாலைந்து நிமிடத்தில் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், சாவி கிடையாது. மூன்று எண்கள் தருவார்கள். உதாரணமாக 24, 6, 32.

பூட்டில் எண்கள் போட்ட குமிழை வலப்பக்கமாக மூன்று முழுச் சுற்று சுற்றி 24-இல் நிறுத்துங்கள். பிறகு இடப்பக்கம்: இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. நேராக 6-க்குப் போகக் கூடாது. 24-ஐ மறுபடி ஒரு முறை கடந்து, அதன் பிறகு வரும் 6-இல் நிற்க வேண்டும். கடைசியாக வலப்பக்கம் நேராக 32. கைப்பிடியைத் தூக்குங்கள். ஒரு கோடு தாண்டிவிட்டாலும் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்ய முடியாது, முதலிலிருந்துதான். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அட்டவணை வாங்கப் போவீர்களே, அன்றே ஆளில்லாத தாழ்வாரத்தில் நின்று பழகிவிடுங்கள்.

படி 5: வீடு

யெஸ் போன்ற திட்டங்களில் நம்மை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அதற்காகப் பணம் வாங்குவதில்லை. அந்த வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருடைய பின்னணியையும் முன்கூட்டியே விசாரித்திருப்பார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், பாதிக் கவலை தீரும். சைவம் என்றால் மொட்டையாகச் சொல்லாமல், கோழி, மீன், கோழி வேகவைத்த சாறு எதுவும் ஆகாது, முட்டை சேர்த்த கேக் ஆகும் அல்லது ஆகாது என்று விவரமாக முன்பே எழுதிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

படித்துவிட்டு எழுதிய ஒரு தங்கை, வீட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தாள். திட்டத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒருமுறை உங்களைத் தொடர்புகொண்டாக வேண்டும் என்பது விதி. அவர் குடும்பத்தார் முன்னிலையில் கேட்டால் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லலாம், தயங்காதீர்கள். வீடு மாற்றித் தருவது அவ்வப்போது நடப்பதுதான்.

இன்னொரு தம்பியின் கேள்வி கனடா சுற்றுலாவைப் பற்றியது. நயாகரா பார்க்க எல்லை தாண்டுகிற திட்டம் இருந்தால், டி.எஸ்-2019-இல் பயண அனுமதிக் கையெழுத்து வேண்டும். அதற்குக் காகிதத்தை அனுப்பிவைத்த நிறுவனத்துக்கே தபாலில் அனுப்ப நேரலாம். கனடா விசாவும் தனியாக எடுக்க வேண்டும். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் அமெரிக்கப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள். படகு அங்கிருந்தும் போகிறது.