தகரக் கூரைக்கு ஸ்க்ரூ வாங்கும்போது செய்யும் தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் விறகுக் கொட்டகைக்கு ஷீட் போட்டபோது, கடையில் போய் "ரெண்டரை இன்ச் செல்ஃப் ஸ்க்ரூ ஒரு பாக்கெட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். ஷீட்டுக்கு அடியில் சில்வர் ஓக் மரச் சட்டம் (ரீப்பர்). மெஷினை வைத்ததும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இறங்கியது. ஐப்பசி மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆடிக் காற்றில் ஷீட் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், நாலைந்து ஸ்க்ரூ விரலால் இழுத்ததுமே கையோடு வந்தன. மரையில் மரத்தூள் அப்பியிருந்தது.

நீளத்தைக் கேட்டேன், முனையைக் கேட்கவில்லை. அதுதான் தவறு. நான் வாங்கியது இரும்புக்கான ஸ்க்ரூ. அதன் முனை ஒரு சின்ன டிரில் பிட். இரும்பில் துளை போட்டால் நெருக்கமான மரை அந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். மரத்தில் அதே முனை, மரை பிடிக்க வேண்டிய சதையையே சுரண்டி எடுத்துவிடுகிறது. மரத்துக்கு 'டைப் 17' முனை கேளுங்கள்: கூராக இருக்கும், நுனியில் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கும், மரை அகலமாக இருக்கும். மரத்துக்குள் 30 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். ஷீட்டின் முகட்டில், அதாவது மேடாக ஓடும் வரியில் அடிக்கிறோம் என்றால் முகட்டின் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் குட்டையான ஸ்க்ரூவை வாங்குகிறார்கள்.

அடியில் இரும்புச் சட்டம் என்றால் முனைக்கு எண் உண்டு. 12 ஆம் நம்பர் (இது ஸ்க்ரூவின் தடிமனைக் குறிக்கும் எண்) ஸ்க்ரூவில் 3 ஆம் எண் முனை சுமார் 5 மில்லிமீட்டர் இரும்பு வரைதான். 12 மில்லிமீட்டர் கனத்துக்கு 5 ஆம் எண் முனை. கூரைக்குப் போடும் மெல்லிய பாக்ஸ் பைப்புக்கு 3 போதும். முனை முழுக்கத் துளைத்து முடிப்பதற்குள் மரை இரும்பைத் தொட்டுவிட்டால் ஸ்க்ரூ முறியும். அந்த நேரத்தில் மெஷின்காரரைத் திட்டிப் பயனில்லை.

மரப் பலகையை இரும்பின் மேல் பொருத்துவது தனிக்கதை. சாதாரண ஸ்க்ரூவைப் போட்டால் முனை இரும்பில் மெதுவாகத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே மரை மரத்தைப் பிடித்து மேலே தூக்கிவிடும். பலகைக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி விழும். இதற்கு முனைக்கு மேல் இரண்டு சிறகு வைத்த ஸ்க்ரூ வருகிறது. சிறகு மரத்தில் துளையை அகலமாக்கிக்கொண்டு போய், இரும்பைத் தொட்டதும் ஒடிந்துவிடும். ஷீட் போட இதை வாங்காதீர்கள்.

அப்புறம் ரப்பர் வாஷர். இம்பாக்ட் மெஷினில் கடைசி வரை இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். ரப்பர், அதன் மேல் இருக்கும் வாஷர் தகட்டின் ஓரம் வரை பரவினால் நிறுத்திவிடுங்கள். வெளியே பிதுங்கினால் சீக்கிரம் வெடிக்கும்; சாய்ந்து இறங்கியிருந்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். இரண்டிலும் தண்ணீர் இறங்கும்.

மலையில் மழை இல்லாத தை மாதத்திலும் கூரை நனையும். இரவுப் பனியில் ஷீட் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டும். மெல்லிய ஜிங்க் பூச்சு உள்ள மலிவு ஸ்க்ரூ அடிப்பக்கத்திலிருந்தே துருப்பிடிப்பது இதனால்தான். கூரைக்கென்றே தடிமனான பூச்சோடு வருவதைக் கேளுங்கள். "எதுக்கு வம்பு, ஸ்டெயின்லெஸ் போட்டுரலாம்" என்று தோன்றும். ஆனால் அலுமினியம்-ஜிங்க் பூசிய ஷீட்டில் அதைப் போட்டால் ஈரத்தில் ஸ்க்ரூ அப்படியே இருக்கும், சுற்றியுள்ள ஷீட் அரித்துப்போகும்.

இறங்குவதற்கு முன் கூரையை ஒரு மெல்லிய பிரஷால் கூட்டிவிடுங்கள். துளைக்கும்போது விழுந்த இரும்புச் சுருள்கள் பனியில் ஓரிரு நாளிலேயே துருப்பிடித்துப் புது ஷீட்டில் காப்பிக் கறை மாதிரி படிந்துவிடும். எங்கள் கொட்டகையில் அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.